புனிதர்களுக்கு நாற்பது நிமிடம், மதுக்கடைக்கு ஒரு மணி நேரம்: ஒரு நார்தம்பிரியா சுற்றுலா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வழிகாட்டிக்கு ஐந்துக்கு ஐந்து. அட்டவணை போட்டவருக்கு ஐந்துக்கு இரண்டு, அதுவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா "பாவம்டி, ரெண்டாவது போடு" என்று சொன்னதால்.

நியூகாசிலில் ஏறி நியூகாசிலிலேயே இறங்கும் மூன்று நாள் சுற்றுலா. பதினாறு பேர் உட்காரும் மினிபஸ், இரண்டு இரவுத் தங்கல், காலை உணவு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 420 பவுண்ட். ஆங்கிலோ சாக்சன் காலத்துப் புனிதர்களின் அடிச்சுவட்டில் நடக்கலாம் என்று விளம்பரம். வில்ஃப்ரிட், ஆஸ்வால்ட், எய்டன், கத்பர்ட், பீட் என்று ஐந்து பேர், எல்லாரும் ஏழாம் எட்டாம் நூற்றாண்டு ஆட்கள், எல்லாரும் இன்றைய வட இங்கிலாந்துப் பக்கம் இருந்த நார்தம்பிரியா ராஜ்ஜியத்தில் வாழ்ந்தவர்கள். அம்மாவுக்கு அந்தோணியாரும் சவேரியாரும்தான் தெரியும், இவர்களில் ஒருவர் பெயரையும் அவள் கேள்விப்பட்டதில்லை. ஆனால் புனிதர் கல்லறை என்றால் எந்த ஊராக இருந்தாலும் கிளம்பிவிடுவாள். நான் வரலாறு பைத்தியம். அதனால் ஒரே பஸ்ஸில் இரண்டு விதமான யாத்திரை நடந்தது.

முதல் நாள் ஹெக்ஸம். 674 வாக்கில் ஆயர் வில்ஃப்ரிட் கட்டிய கோயில் மேலே மிஞ்சவில்லை, இப்போது நிற்பது பிற்காலத்துக் கட்டடம். ஆனால் நடுக்கூடத்தில் தரையில் ஒரு திறப்பு இருக்கிறது, அதில் இறங்கினால் அவர் கட்டிய நிலவறை அப்படியே இருக்கிறது. படி செங்குத்து, முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்து இறங்குங்கள். அம்மா பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினாள். ரோமிலிருந்து வில்ஃப்ரிட் கொண்டுவந்த புனிதர்களின் திருப்பண்டங்களை வைப்பதற்காகக் கட்டியது இது. இருட்டான குறுகிய நடையில் தடவிக்கொண்டே வந்து திரும்பினால் திடீரென்று விளக்கு வெளிச்சத்தில் பேழை தெரியும்படி அமைத்திருக்கிறார்கள். வந்தவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள், சந்தேகமே இல்லை.

அங்கே வழிகாட்டி தன் கைவிளக்கைச் சுவரில் சாய்வாக அடித்தார். அதுவரை வெறும் கல்லாகத் தெரிந்ததில் இலையும் கொடியுமாகச் செதுக்கல் எழுந்து நின்றது. எல்லாம் பக்கத்து ஊரான கார்பிரிட்ஜில் இருந்த ரோமானியக் கட்டடங்களை உடைத்து எடுத்துவந்த கற்கள். ஒரு கல்லில் செவேரஸ் பேரரசர், அவருடைய இரண்டு மகன்கள் பெயர் வெட்டியிருக்கிறது, அதில் இளையவன் கேட்டாவின் பெயரை மட்டும் கொத்தி அழித்திருக்கிறார்கள். 211-ல் அண்ணன் தம்பியைக் கொன்றுவிட்டுப் பெயரையே எல்லா இடத்திலும் அழிக்கச் சொன்னான். வில்ஃப்ரிட்டின் கொத்தனாருக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா என்ன, நல்ல சதுரமான கல் கிடைத்தது, வைத்துக் கட்டிவிட்டார்.

வில்ஃப்ரிட்டை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ராஜாக்களோடு சண்டை, பதவிச் சண்டை, இரண்டு முறை ரோமுக்கே போய் வழக்காடியவர். புனிதராக இருக்கலாம், பக்கத்து வீட்டுக்காரராக வேண்டாம்.

ஹெக்ஸத்தில் மொத்தம் கிடைத்தது நாற்பது நிமிடம். அப்புறம் ஹெவன்ஃபீல்டு, அங்கே பத்து நிமிடம். சாலையோரம் ஒரு மரச்சிலுவை, மேட்டில் ஒரு சின்னக் கோயில், சுற்றிலும் ஆடுகள். 634 வாக்கில் ஆஸ்வால்ட் ராஜா போருக்கு முன்னால் இங்கே மரச்சிலுவை நட்டார், குழியில் மண் தள்ளி இறுக்கும்வரை தானே அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று பீட் எழுதுகிறார், இந்தக் கதைகளையெல்லாம் எழுதிவைத்த வரலாற்றாசிரியத் துறவி அவர்தான். பிறகு மக்கள் அந்தச் சிலுவையிலிருந்து சிறாய் சிறாயாகச் செதுக்கிக்கொண்டு போய்த் தண்ணீரில் போட்டு நோயாளிக்கும் மாட்டுக்கும் கொடுத்திருக்கிறார்கள். 642-ல் மெர்சியா ராஜா பெண்டாவோடு நடந்த போரில் ஆஸ்வால்ட் விழுந்த இடத்தில் மண்ணை அள்ளி அள்ளி ஆள் உயரத்துக்குக் குழியே விழுந்துவிட்டதாம். அந்த மண்ணை ஒருவன் துணியில் முடிந்து ஒரு வீட்டுத் தூணில் தொங்கவிட்டிருக்கிறான். விருந்து நடக்கும்போது கூரையில் தீப்பிடித்து வீடு முழுக்க எரிந்தும் அந்தத் தூண் மட்டும் நின்றது என்று கதை. வழிகாட்டி இதைச் சொல்லும்போது ஓட்டுநர் வண்டியை உறுமவிட்டுக்கொண்டே இருந்தார். ஏன் அவசரம் என்றால் அடுத்து ஒரு பண்ணைக் கடையில் சீஸ் சுவைக்கும் நிகழ்ச்சியாம்.

சரி, இரண்டாம் நாள். முதலில் பாம்பரோ. 635-ல் ஆஸ்வால்ட் அழைத்து ஸ்காட்லாந்துப் பக்கத்து அயோனா தீவு மடத்திலிருந்து வந்த ஐரிஷ் துறவி எய்டன். ஆரம்பத்தில் அவருக்கு ஆங்கிலம் சரியாக வராது. சின்ன வயதில் நாடு கடந்து வளர்ந்த ராஜாவுக்கு ஐரிஷ் தெரியும், அதனால் எய்டன் பிரசங்கம் செய்ய ராஜா பக்கத்தில் நின்று மொழிபெயர்ப்பார். எனக்கு இந்த ஐவரில் மிகவும் பிடித்தவர் எய்டன்தான். ஆஸ்வின் என்ற இன்னொரு ராஜா அவருக்கு ஒரு உயர்ந்த குதிரையைக் கொடுக்கிறார், எய்டன் எதிரே வந்த பிச்சைக்காரனுக்குச் சேணத்தோடு இறக்கிக் கொடுத்துவிடுகிறார். ராஜா கோபிக்க, அந்தக் குதிரைக்குட்டி உங்களுக்குக் கடவுளின் பிள்ளையைவிடப் பெரிதா என்று இவர் கேட்கிறார். ராஜா கொஞ்ச நேரம் தீயில் கை காய்ந்துகொண்டே யோசித்துவிட்டு, வாளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்து காலில் விழுகிறார். கை காய்ந்ததை எழுதியிருக்கிறார் பாருங்கள், அதனாலேயே எனக்கு பீட் மேல் நம்பிக்கை.

651-ல் எய்டன் இங்கே கோயில் சுவருக்கு முட்டுக்கொடுத்திருந்த ஒரு மரத்தில் சாய்ந்தபடி இறந்தார். அந்த மரம் என்று சொல்லப்படும் உத்தரத்துண்டு இப்போதைய கோயிலில் திருமுழுக்குத் தொட்டிக்கு மேலே இருக்கிறது. அம்மா அண்ணாந்து பார்த்து, "இதுவா?" என்றாள். வழிகாட்டி "அப்படித்தான் சொல்கிறார்கள்" என்றார். "சொல்றாங்கன்னா சரி" என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

அங்கிருந்து சீஹவுசஸ் துறைமுகம். இன்னர் ஃபார்ன் தீவுக்குப் படகில் போவதாகத் திட்டம், லிண்டிஸ்ஃபார்ன் தீவு மடத்துத் துறவியும் ஆயருமான கத்பர்ட் தனிமைத் தவம் இருந்து உயிர்விட்ட தீவு அது. காற்றடித்ததால் படகு ரத்து. இதற்கு நான் யாரையும் குறை சொல்லமாட்டேன், படகுக் கட்டணத்தைத் திருப்பியும் கொடுத்துவிட்டார்கள். சொல்லப்போனால் சுற்றுலாவின் நல்ல அரைமணி நேரம் அதனால்தான் கிடைத்தது. துறைமுகச் சுவரில் வரிசையாக உட்கார்ந்து மீனும் சிப்ஸும் தின்றுகொண்டிருந்தோம், வழிகாட்டி கடலைக் காட்டிக்கொண்டே கத்பர்ட்டின் கடைசி நாட்களைச் சொன்னார்.

அந்தத் தீவில் வானத்தைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாதபடி கத்பர்ட் உயரமாகச் சுவர் எழுப்பி உள்ளே இருந்தவர். 687 தொடக்கத்தில் நோய் வந்து படுத்தார். இதே மாதிரி காற்று. ஐந்து நாள் துறவிகளால் படகைத் தள்ளமுடியவில்லை. ஆறாம் நாள் போய்ப் பார்த்தால், சாப்பிட என்ன வைத்திருந்தீர்கள் என்று கேட்டதற்குப் படுக்கை விரிப்பைத் தூக்கிக் காட்டினார், ஐந்து வெங்காயம். அதில் ஒன்றில் மட்டும் பாதிக்கும் குறைவாகக் கடித்திருந்தது. ஐந்து நாளைக்கு அவ்வளவுதான் சாப்பாடு. மார்ச் 20 அன்று உயிர் பிரிந்ததும் கூட இருந்தவர் இரண்டு பந்தங்களை ஏற்றித் தூக்கிப் பிடித்தார், அக்கரையில் லிண்டிஸ்ஃபார்னில் காத்திருந்தவருக்கு அதுதான் சேதி.

அம்மா சிப்ஸ் தின்பதை நிறுத்திவிட்டாள்.

இன்னொன்றும் சொன்னார், இதை நான் மறக்கமாட்டேன். தீவின் விருந்தினர் குடிசைக் கூரையிலிருந்து இரண்டு அண்டங்காக்கைகள் வைக்கோலைப் பிடுங்கிக் கூடு கட்டின. கத்பர்ட் அதட்டி விரட்டிவிட்டார். மூன்று நாள் கழித்து ஒன்று திரும்பிவந்து சிறகை விரித்துத் தலையைத் தாழ்த்தி மன்னிப்புக் கேட்டது, அப்புறம் இரண்டுமாகப் பன்றிக்கொழுப்பு ஒரு கட்டி கொண்டுவந்து காணிக்கை வைத்தன. அந்தக் கொழுப்பை வருகிறவர்கள் செருப்புத் தோலுக்குப் பூசிக்கொள்ளக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம், செருப்புக்குக் கொழுப்பு பூசியது நடந்திருக்கும்.

அடுத்து லிண்டிஸ்ஃபார்ன் போனோம், இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. தீவுக்குப் போகும் சாலை ஒரு நாளைக்கு இரண்டு முறை கடலுக்குள் போய்விடும், நேரம் தப்பினால் கம்பங்கள் மேல் நிற்கும் மரக்கூண்டில் ஏறி உட்கார்ந்துகொள்ள வேண்டியதுதான். எங்களுக்குக் கிடைத்தது மூன்றரை மணி நேரம். அதில் ஒரு மணி நேரம் தேன் மதுக் கடையில் போனது. "இலவசமாகச் சுவைக்கலாம்" என்று ஆரம்பித்து, அப்புறம் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தப் பொம்மை, தேநீர்த் துவாலை, கத்பர்ட் வாத்து பொம்மை. ஐடர் வாத்தை இந்தப் பக்கத்தில் கத்பர்ட் பெயரைச் சுருக்கிக் கடி வாத்து என்பார்கள். (உச்சரிப்புதான் அப்படி, கடிக்காது.)

விளம்பரம் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். எய்டனும் கத்பர்ட்டும் பார்த்த கட்டடம் ஒன்றுகூடத் தீவில் நிற்கவில்லை. படத்தில் எல்லாரும் போடும் சிவந்த கல் வளைவு நார்மன்கள் வந்த பிறகு கட்டிய மடத்தின் இடிபாடு. 793-ல் வைக்கிங்குகள் வந்தார்கள், 875-ல் துறவிகள் கத்பர்ட்டின் உடல் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். ஏழு வருடம் அலைந்து, செஸ்டர் லெ ஸ்ட்ரீட்டில் நூறு வருடத்துக்கு மேல் இருந்து, 995-ல் டர்ஹம் போய்ச் சேர்ந்தார்கள். பெட்டியோடு அலைந்த அந்தக் காட்சியைப் புனித மரியா கோயிலுக்குள் மரத்தில் செதுக்கி வைத்திருக்கிறார்கள், ஆள் உயரத் துறவிகள் ஆறு பேர், தோளில் பெட்டி. மரம் வெடித்த கோடுகள் அவர்கள் முகத்தில் சோர்வு மாதிரியே ஓடுகின்றன. அதைப் பார்க்க ஐந்து நிமிடம், ஏனென்றால் மதுக்கடை.

தீவில் கடல்தான் பழையது. ஊருக்குப் பக்கத்தில் கத்பர்ட் முதலில் தனித்திருந்த சின்னத் திட்டு ஒன்று இருக்கிறது, நீர் வற்றினால் நடந்துபோகலாம். நாங்கள் கரையிலிருந்து பார்த்ததோடு சரி. அம்மா குனிந்து கூழாங்கல் பொறுக்கியதில் நடுவில் துளையுள்ள சாம்பல்நிற வட்டக் கல் ஒன்று கிடைத்தது, சட்டைப் பொத்தான் அளவுதான். கடல் அல்லி என்ற பழைய உயிரினத்தின் தண்டு கல்லானது அது, இங்கே கத்பர்ட் மணி என்று கோத்து ஜெபமாலையாக உருட்டியிருக்கிறார்கள். அம்மா அதைத் தன் ஜெபமாலையோடு நூலில் கட்டிக்கொண்டாள். மொத்தச் சுற்றுலாவில் காசு கொடுக்காமல் கிடைத்த ஒரே நினைவுப்பொருள்.

மூன்றாம் நாள் டர்ஹம். இதற்கு முழு நாள் ஒதுக்கியிருக்க வேண்டும், கொடுத்தது இரண்டரை மணி நேரம்.

உயர் பீடத்துக்குப் பின்னால் படியேறிப் போனால் தரையில் ஒரு வெற்றுக்கல், மேலே கத்பர்ட் பெயர் லத்தீனில், அவ்வளவுதான். இடைக்காலத்தில் பொன்னும் மணியுமாக இருந்த கல்லறையை, பதினாறாம் நூற்றாண்டில் மடங்களை மூடவைத்த எட்டாம் ஹென்றி ராஜாவின் ஆட்கள் உடைத்தார்கள். பெட்டியை உடைத்தவன் உள்ளே எலும்பு இருக்கும் என்று சம்மட்டியை ஓங்கியதில் கத்பர்ட்டின் கால் எலும்பு முறிந்ததாம். பார்த்தால் இரண்டு வாரத் தாடியோடு முழு உடலாகக் கிடந்தார் என்று ஒரு பழைய குறிப்பு. 1827-ல் மறுபடி திறந்தபோது இருந்தது எலும்புக்கூடு.

அந்தக் காலத்தில் புனிதர் பட்டத்துக்கு ரோமுக்கு மனுப்போடும் வழக்கம் கிடையாது. புதைத்துச் சில வருடம் கழித்து எடுத்துக் கழுவித் தரைக்கு மேலே பேழையில் வைப்பார்கள், அப்படித் தூக்கி வைத்தால் அவர் புனிதர். கத்பர்ட்டைப் பதினோரு வருடம் கழித்து 698-ல் எடுத்தபோது உடல் அழியாமல் இருந்தது, அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. ஈலி மடத்தில் எத்தல்திரித் ராணியைப் பதினாறு வருடம் கழித்து எடுத்தபோதும் இதே கதை. அவளுக்குக் கழுத்துக்கட்டியை அறுத்த வைத்தியரே அங்கே நின்று, நான் கீறிய புண் ஆறியிருக்கிறது என்று சாட்சி சொன்னார்.

அம்மா கைக்குட்டையை எடுத்து அந்தக் கல்லில் ஒற்றிக் கண்ணில் வைத்துக்கொண்டாள். காவலர் ஏதாவது சொல்வாரோ என்று எனக்குக் கூச்சம். அவர் சும்மா பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டார். யோசித்தால் இங்கே அதைத்தானே செய்துகொண்டிருந்தார்கள். கத்பர்ட்டின் செருப்பை மாட்டிவிட்டதும் முடங்கிக்கிடந்த ஒரு பையன் எழுந்து நடந்தான் என்று பீட் எழுதியிருக்கிறார்.

நடுக்கூடத்தின் மேற்குக் கோடியில் தரையில் ஒரு கறுப்புச் சலவைக்கல் கோடு இருக்கிறது, பெண்கள் அதைத் தாண்டக்கூடாது என்று ஒரு காலத்தில் சட்டம். கத்பர்ட்டுக்குப் பெண்கள் ஆகாது என்று காரணம் சொன்னார்கள். சுத்தப் பொய். 1083-ல் குடும்பஸ்தர்களாக இருந்த பழைய குருக்களை அனுப்பிவிட்டு பெனடிக்ட் சபைத் துறவிகள் வந்த பிறகு கிளம்பிய கதை அது. உண்மையான கத்பர்ட் எல்ஃப்ளெட், எப்பா என்று பெண் மடாதிபதிகளோடு நல்ல நட்பாக இருந்தவர். வெர்கா என்ற ஒரு தலைவி கொடுத்த லினன் துணியை உடுத்தாமல் பத்திரமாக வைத்திருந்து, செத்தபின் அதில் சுற்றச் சொன்னவர். அம்மாவும் நானும் அந்தக் கோட்டில் ஆளுக்கொரு காலை வைத்துப் படம் எடுத்துக்கொண்டோம்.

பதினான்காம் நூற்றாண்டு மடத்துச் சமையலறையில் கத்பர்ட்டின் பொருட்கள் இருக்கின்றன. கட்டணம் தனி, சுற்றுலாக் காசில் சேராது, முன்கூட்டியே சொல்லவும் இல்லை. ஆனாலும் கொடுத்துவிட்டுப் போங்கள். 698-ல் செய்த ஓக் மரப்பெட்டி, துண்டு துண்டாகக் கிடைத்ததைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கத்தி முனையால் கீறிய மாதிரி மெல்லிய கோடுகளில் தேவதூதர்கள், சீடர்கள், மாதாவும் குழந்தையும். தந்தத்தில் ஒரு சீப்பு, ஒரு பக்கம் அகலப் பல், மறுபக்கம் பேன் சீப்பு மாதிரி நெருக்கப் பல். பொன்னில் செந்நிறக் கற்கள் பதித்த சிலுவை, உள்ளங்கைக்குள் அடங்கும். ஒரு கை உடைந்து பழைய காலத்திலேயே ஒட்டுப்போட்டிருக்கிறது, தினமும் போட்டுக்கொண்ட நகை என்று பார்த்தாலே தெரியும். துணி மடிப்புக்குள் மறைந்து கிடந்ததால் ஹென்றியின் ஆட்கள் கண்ணிலும் படாமல் 1827-ல்தான் வெளியே வந்தது. இங்கே நாற்பது நிமிடத்தில் எங்களைக் கிளப்பினார்கள்.

பீட் இருப்பதும் டர்ஹம்தான், மேற்கே கலிலேயாச் சிற்றாலயத்தில். அவரை இங்கே கொண்டுவந்தது ஒரு திருடன். பதினொன்றாம் நூற்றாண்டில் டர்ஹமில் ஆல்ஃபிரட் வெஸ்டோ என்று ஒரு கோயில் பொறுப்பாளர், கத்பர்ட்டின் பெட்டியைத் திறந்து தலை சீவிவிட்டு நகம் வெட்டிவிடுவாராம், அவ்வளவு உரிமை. அவர் வருடாவருடம் பீட் இறந்த நாளில், பீட்டின் மடம் இருந்த ஜாரோ போய் ஜெபிப்பார். ஒரு வருடம் கூடவந்தவர்களிடம் சொல்லாமல் விடியற்காலையில் தனியாகத் திரும்பிவிட்டார், அப்புறம் ஜாரோ பக்கமே போகவில்லை. பீட்டின் எலும்பு எங்கே என்று நெருங்கியவர்கள் கேட்டால், என்னைவிட யாருக்குத் தெரியும் என்பாராம்.

ஜாரோவும் அட்டவணையில் இருந்தது. ஆனால் போகவில்லை. "நேரமில்லை" என்று நேரே நியூகாசிலில் இறக்கிவிட்டார்கள். மறுநாள் நாங்களே மெட்ரோவில் போனோம். பீட் என்றே ஒரு நிலையம் இருக்கிறது, இறங்கினால் தொழிற்பேட்டை. அதைக் கடந்து நடந்தால் புனித பவுல் கோயில். உள்ளே வளைவுக்கு மேல் நேர்ந்தளிப்புக் கல், 685 ஏப்ரல் 23 என்று நாள் குறித்தது. பீடப் பகுதி அந்தக் காலத்துச் சுவரேதான். தெற்குச் சுவரில் சின்னச் சின்னச் சன்னல்கள், ஒன்றில் தோண்டியெடுத்த ஏழாம் நூற்றாண்டு வண்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பொருத்தியிருக்கிறார்கள். எங்களைத் தவிர யாரும் இல்லை.

இந்த மடத்தில் கொள்ளைநோய் வந்து, பாடத்தெரிந்தவர்களில் மடாதிபதி செயோல்ஃப்ரித்தும் ஒரு சிறுவனும்தான் மிஞ்சினார்கள். இரண்டு பேரால் எப்படி முடியும் என்று ஒரு வாரம் பாட்டைச் சுருக்கிப் பார்த்தார்கள், மனசு கேட்கவில்லை, அழுதுகொண்டே மறுபடி முழுதாகப் பாட ஆரம்பித்தார்கள். அந்தச் சிறுவன் பீட் என்பதுதான் பலர் கணிப்பு. 735-ல் சாகும்போது பீட் தன் பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி அதிலிருந்ததைக் குருக்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். மிளகு, துணிகள், சாம்பிராணி. "மிளகா? நம்ம மிளகா?" என்றாள் அம்மா. வேறு எங்கிருந்து வந்திருக்கும் என்றேன். அதற்குப் பிறகு அவள் வெகுநேரம் பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், யாரும் எங்களைக் கிளப்பவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: ஹெக்ஸமும் டர்ஹமும் நியூகாசிலிலிருந்து ரயிலில் போகலாம், டர்ஹம் கால்மணி நேரம்தான். ஜாரோவுக்கு மெட்ரோ. தீவுக்கும் பாம்பரோவுக்கும் மட்டும் வண்டி வசதி வேண்டும். இதே வழிகாட்டி தனியாக வந்தால் நான் இன்னொரு முறை காசு கொடுப்பேன்.

ஜாரோ விட்டுப்போனதைப் பற்றி மின்னஞ்சல் அனுப்பினேன். அடுத்த பயணத்துக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் கூப்பன் வந்தது, தேன் மதுச் சுவைத்தலும் இலவசமாம். யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், அனுப்பிவைக்கிறேன்.